மூடுபனிக்குள் கேட்ட மணி

அன்று பின்னேரம் மூன்று மணியிருக்கும். மூடுபனிக்குள், ஓர் ஓடைக்கரையில், என் கணவருடைய ஊன்றுதடிகளில் ஒன்று கல்லிடுக்கில் கிடந்ததைக் கண்டேன். ஆளைக் காணவில்லை. மேலே எங்கோ நீர்வீழ்ச்சி இரைந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொன்றது நான்தான் என்றும் நினைத்தேன்.

அம்மாளின் அடியவர்களே, என் பெயர் யோகேஸ்வரி. ஐம்பத்தாறு வயது. சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் இருக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது உங்களில் பலர் என்னிடம், "மலையில சிவபாலன் அண்ணைக்கு என்னதான் நடந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் "அம்மாள் காப்பாத்தினவ" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். முழுவதையும் சொன்னால் என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டி வரும். அந்த வெட்கம்தான். ஆனால் பிழையை ஒளித்துவிட்டு அவளுடைய கருணையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் சிவபாலன் இருபத்துமூன்று வருடம் ட்ராம் கழுவுகிற வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு பைபாஸ் செய்தார்கள். அதிலிருந்து இரத்தம் உறையாமல் இருப்பதற்குக் குளிசை எடுக்கிறார். டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மற்ற ஆட்களென்றால் இரண்டு கிழமை நடந்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. முதலில் வீட்டுக்குப் பின்னாலுள்ள காடு. பிறகு ஆற்றங்கரை. பிறகு மஞ்சள் கைகாட்டி நட்டிருக்கிற பாதையெல்லாம். ஒரு நாள் மலைச் சப்பாத்தும் இரண்டு ஊன்றுதடியும் வரைபடமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

எங்களுடைய ஆட்கள் மலைக்குப் போவதென்றால் உங்களுக்குத் தெரியும். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு ரெயினில் மேலே போய், படம் எடுத்து, கொண்டுபோன புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு இறங்குவது. இவரோ கைகாட்டியில் மூன்று மணித்தியாலம் என்று போட்டிருந்தால் அதை இரண்டே முக்காலில் நடந்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரிச் சிரிப்பார். நானும் மூச்சு வாங்க வாங்கப் பின்னால் போவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போகிற இடத்துக்கு நான், நான் போகிற இடத்துக்கு அவர். அப்படித்தான் முப்பது வருடம் போனது.

எனக்கு இன்னோர் உயிரும் இருந்தது. என் தம்பி ராசன். அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. நான்தான் வளர்த்தேன். கிளிநொச்சியில் இருந்தான். சிறுநீரகம் இரண்டும் பழுதென்று செய்தி வந்தவுடனே நான் அம்மாளுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினேன். வேலையில் மற்றவர்களுக்கு இறைச்சி வெட்டிக் கொடுத்துக்கொண்டு, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டேன். காலையும் மாலையும் அழுது கேட்டேன். முப்பத்தோராம் நாள் அவன் போய்விட்டான். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வந்து சாமித்தட்டுக்கு முன்னால் நின்றேன். அழுகை வரவில்லை. விளக்கை எடுத்துக் கழுவித் துடைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு இரண்டு வருடம் நான் கும்பிடவில்லை. கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாமித்தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காமல் இருக்கிற ஆட்கள் மாதிரி, அவளும் நானும் இருந்தோம்.

போன வருடம் செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் ராசனுடைய இரண்டாவது திவசம். அன்று காலையில் நாங்கள் ரெயின் ஏறி பேர்ண் ஓபர்லாந்து மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பக்கப் பள்ளத்தாக்கு, மூன்று நீர்வீழ்ச்சிகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அதைப் பார்க்க வேண்டுமென்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெயினில் என் கையைத் தொட்டுக் கேட்டார்.

"நாளைக்கு ராசன்ர திவசம். கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்வமோ?"

"என்ர தம்பியை எடுத்தவளுக்கு நான் தேங்காய் உடைக்கிறதோ?"

"அப்பிடிச் சொல்லாதை, யோகம்."

"நீங்கள் போங்கோ. உங்கட நெஞ்சைத் திருத்தித் தந்தவ. எனக்கு என்ன தந்தவ?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாத கதையையும் இழுத்தேன். முப்பது வருடத்தில் ஒருநாளும் அவரிடம் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கணவனிடம் மனைவி சொல்லக்கூடாத சொல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். மிச்சத் தூரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசி ஊரில் பஸ்ஸால் இறங்கி நடக்கத் தொடங்கினோம். நல்ல வெயில். இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை. நடுவில் ஆறு, பால் கலந்த பச்சை நிறத்தில் ஓடியது. முதலாவது நீர்வீழ்ச்சியின் சாரல் பாதையிலேயே அடித்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் சொன்னார், நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மரப்பாலத்திலும் அவர் நின்று, நான் வந்து சேரும் வரை காத்திருந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

இரண்டாவது நீர்வீழ்ச்சியைத் தாண்டினால் ஒரு புல்வெளி வருகிறது. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு போட்டிருந்தார்கள். பதினொன்றரை மணி. நான் அதில் இருந்துவிட்டேன்.

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் முதுகுப்பையைக் கழற்றி எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மேல போக முக்கால் மணித்தியாலமாம். ஒண்டரைக்குள்ள வந்திடுவன். ரோல்ஸ் இருக்கு. பசிச்சால் சாப்பிடு."

அவர் இரண்டு தடியையும் ஊன்றிக்கொண்டு போனார். போகிற முதுகைக்கூட நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ரோல்ஸைச் சாப்பிட்டேன். நாலு இருந்தது. அவருடைய இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பசியில் இல்லை, கோபத்தில். ஒன்றரை ஆனது. அவர் வரவில்லை. எனக்குப் பாடம் படிப்பிக்க வேண்டுமென்றே சுணங்குகிறார் என்று நினைத்தேன். மேலேயிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது, தூறலும் விழுந்தது. முதலில் பாறை மறைந்தது, பிறகு மரங்கள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் மழைச்சட்டை போட்ட ஒரு ஆணும் பெண்ணும் மேலேயிருந்து இறங்கி வந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். "மேலே ஓர் ஆளைக் கண்டீர்களா?" என்று கேட்க எனக்கு வாய் வந்தது. ஆனால் புருஷன் விட்டுவிட்டுப் போன பொம்பிளை மாதிரி இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரை நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

மழை பெலத்தது. இரண்டேகால் மணிக்கு என் போனை எடுத்து அவருக்கு அடித்தேன். எனக்குப் பக்கத்தில், பைக்குள், அவருடைய போன் அடித்தது.

அந்தச் சத்தத்தோடு என்னுடைய கோபம் முழுவதும் இறங்கிவிட்டது. பையைத் திறந்தேன். போன் இருந்தது. மத்தியானக் குளிசை இருந்தது. மழைச்சட்டையும் இருந்தது. அவர் ஒன்றுமில்லாமல் போயிருந்தார். அந்த இடத்திலேயே அவசர எண்ணுக்கு அடித்திருக்க வேண்டும். என் புத்தி அப்படிப் போகவில்லை. "என்ர மனிசன் முக்கால் மணித்தியாலம் பிந்திப்போனார்" என்று எனக்குத் தெரிந்த சமையலறை ஜெர்மனில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

அந்தப் பாதை எனக்குரிய பாதையில்லை. வேர்கள், ஈரக் கல், ஓரிடத்தில் பாறையோடு சேர்த்துக் கட்டின இரும்புக் கம்பி. மூடுபனிக்குள் பாதை காட்ட அடுத்த கல்லில் பூசியிருக்கிற வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். அதைத் தொட்டால் அடுத்தது தெரியும். போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடும் இல்லை. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். எந்த வெள்ளைக்காரனுக்கும் அது ஒரு பெயராகப் படாது என்று பிறகுதான் யோசித்தேன். கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று "சிவபாலன், சிவபாலன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் விழுங்கியது.

அப்படித்தான் அந்த ஓடைக்கு வந்தேன். பாதை அதைக் குறுக்கே கடக்கிறது. கால் வைக்க ஐந்தாறு கற்கள். மழையில் தண்ணீர் கற்களுக்கு மேலாலேயே போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் தடி கிடந்தது. கைப்பிடி வார் அறுந்திருந்தது. ஓடை விழுகிற பக்கம் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றும் தெரியாத பள்ளம். சத்தம் மட்டும் மேலே வந்தது.

கீழே போனால் போன் பிடிக்கும். நாற்பது நிமிடம். அவர் உயிரோடு இருந்தாலும் அதற்குள் உயிர் போய்விடும். மேலே தேடலாம். ஆனால் எங்கே? விழுந்து அடிபட்டிருந்தால் அந்தக் குளிசையால் இரத்தம் நிற்காது. அது எனக்குத் தெரியும். வீட்டுச் சமையலறையில் ஒருநாள் அவர் விரலை வெட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான். இரண்டு அடி கீழே வைத்தேன். திரும்பி மூன்று அடி மேலே வைத்தேன். பிறகு அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டேன்.

கும்பிட வேண்டுமென்று தோன்றியது. வாய் வரவில்லை. இரண்டு வருடம் கதைக்காதவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? ராசனுக்காக நாற்பத்தெட்டு நாள் என்று தொடங்கிக் கேட்டுக் கிடைக்காதது, இரண்டு நிமிடத்தில் கிடைக்குமா? தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, கும்பிடுகிற மாதிரி இல்லாமல், சண்டைக்காரியோடு கதைக்கிற மாதிரித்தான் வந்தது.

"அம்மாளாச்சி, நான் உன்னோட இன்னும் கோபம்தான். ராசனை ஏன் எடுத்தனீ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும். ஆனால் இவரைத் தா. நான் சொன்ன சொல்லோட இவர் போகக்கூடாது. ஒருக்கால் கதைக்க விடு. பிறகு நீ என்ன வேணுமெண்டாலும் செய்."

நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இதையும் எழுத வேண்டும். மழை விடவில்லை. பனி விலகவில்லை. நெஞ்சுக்குள் ஓர் ஆறுதலும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கடைசியில் கீழே போவது என்று முடிவெடுத்து, தடியை ஊன்றி எழும்பினேன்.

அப்போது மணி கேட்டது.

ஒரு தரம். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். அந்த இரைச்சலுக்குள், என் கத்தலையே விழுங்கின இரைச்சலுக்குள், அது தெளிவாகக் கேட்டது. என் தலைக்குள்தான் கேட்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது, மாட்டு மணி. ஆனால் மாடுகள் கீழே புல்வெளியில் அல்லவா நின்றன? இது பாதையிலிருந்தும் வரவில்லை. இடது பக்கம், சரிவுக்குள், மரம் செடிக்குள்ளிருந்து வந்தது. மாடு நின்றால் பக்கத்தில் மனிதர் இருப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பாதையை விட்டு, செடிகளைப் பிடித்துப் பிடித்து அந்தச் சத்தத்துக்குப் போனேன்.

ஒரு மண்ணிறக் கிடேரி. கன்று போடாத இளம் மாடு. சரிவின் ஓரத்தில் ஒரு சின்னத் திட்டில் நின்றது. மேயவில்லை. தலையைத் தாழ்த்திக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதற்கும் அது விலகவில்லை. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அது பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன்.

அவருடைய நீலச் சட்டை தெரிந்தது.

இரண்டு மாடி வீட்டு உயரத்துக்குக் கீழே. ஓடைக் கல்லில் வழுக்கிச் சரிவால் உருண்டு போயிருக்க வேண்டும், பற்றைகளுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். ஒரு கால் வேறு யாருடைய கால் மாதிரித் திரும்பியிருந்தது. முகம் முழுவதும் இரத்தம். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். இருந்தபடியே சறுக்கினேன். கை இரண்டும் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. அவருடைய வாயருகில் காதை வைத்தேன். கத்திக் கத்தி அவருடைய குரல் அடைத்துப் போயிருந்தது.

"எவ்வளவோ கத்தினனான். நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

அடியவர்களே, ஒரு மனிதன் தன் மனைவியிடம் சொன்ன சொல் இது. அதைச் சொல்ல வைத்தவள் நான்.

"வந்திட்டன். நான் வந்திட்டன்" என்றேன். கழுத்துத் துணியை எடுத்து நெற்றிக் காயத்தில் அமத்திப் பிடித்தேன். துணி சூடாக நனைந்தது. மழைச்சட்டையால் போர்த்தினேன். "ரெயினில நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"என்ன சொன்னனீ? எனக்குக் காதில விழேல்லை" என்றார்.

அவருடைய காதில் எந்தக் குறையும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் இப்போது பள்ளத்தில். என்னால் திரும்ப ஏற முடியாது. இரண்டு முறை பார்த்தேன், மண்ணோடு சேர்ந்து கீழே வந்தேன். போன் பிடிக்கவில்லை. பாதையால் போகிறவருக்கு நாங்கள் தெரிய மாட்டோம். எங்கள் சத்தமும் கேட்காது. மேலே அந்தக் கிடேரி மட்டும் நின்றது. தலையை ஆட்டும்போது மணி அடித்தது. போய்விடாதே என்று நான் அதைக் கெஞ்சினேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது.

பிறகு ஒரு குரல் கேட்டது. மாட்டைக் கூப்பிடுகிற நீளமான குரல். கிடேரி திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அறுபது வயதிருக்கும், தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது. பெயர் ரூத். கோடை காலத்தில் அந்த மலையில் மாடு பார்ப்பவர். தன்னுடைய கிடேரியைத் தேடிக்கொண்டு வந்தவர் எங்களைக் கண்டார்.

"அசையாதே" என்று ஜெர்மனில் சொன்னார். "அவரையும் அசைக்காதே. ஏதாவது மருந்து எடுக்கிறாரா?"

சொன்னேன். அவருடைய முகம் மாறியது. தன்னுடைய தடித்த கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார்.

"என் குடிலில் போன் பிடிக்கும். இருபது நிமிடம். வருவேன்."

வந்தார். கயிறும் கம்பளியும் சூடான தேநீரும் கொண்டு வந்தார். கயிற்றை மரத்தில் கட்டி, தானே அதைப் பிடித்து இறங்கி எனக்குப் பக்கத்தில் இருந்தார். இந்தப் பனிக்குள் ஹெலிகொப்டர் மேலே வராது என்றார். ஊரிலிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள், ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும் என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒன்றரை மணித்தியாலம் இல்லை. என் கணவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு நடுக்கம் நின்றது. அதுதான் கூடாதது என்று ரூத்தின் முகத்தில் தெரிந்தது. நித்திரை கொள்ள விடாதே என்றார்.

"கதையுங்கோ" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது."

"ட்ராம் நம்பர் சொல்லுங்கோ. எது எங்க போகுது?"

சொன்னார். ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர். தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு ஒன்றையே மூன்று தரம் சொன்னார். பிறகு சொல்லவில்லை. நான் கன்னத்தில் தட்டினேன். கண் பாதிதான் திறந்தது. மூக்கடியில் என் கன்னத்தை வைத்து மூச்சுப் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கேட்டது கிடைச்சிட்டுதெண்டு விட்டிடாதை அம்மாளாச்சி, ஒருக்கால் கதைக்க விடு எண்டு கேட்டது பிழை, எனக்கு ஆள் வேணும், ஆள் வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ரூத்துக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் என்னுடைய மற்றக் கையை அவர் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடித் தன்னுடைய கடவுளிடம் தன்னுடைய பாஷையில் அவரும் கேட்கத் தொடங்கினார்.

நாலு ஆண்கள் வந்தார்கள். கட்டித் தூக்குகிற படுக்கையும் கயிறுகளும் கொண்டு வந்தார்கள். ஹெலிகொப்டர் பனிக்குக் கீழே, புல்வெளி வரை வந்து நிற்கிறதென்றார்கள். அவரைத் தூக்கி, அந்த வழுக்குப் பாதையால், ஓரிடத்திலும் ஆட்டாமல் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கைப்பிடித்து இறக்கினார். "பாதையிலிருந்து பார்த்தால் நாங்கள் கண்டிருக்க மாட்டோம். நீ எப்படிக் கண்டாய்?" என்று கேட்டார். மாடு காட்டியது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கால் எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது என்றார்கள். அது பெரிதில்லை, மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். குளிசையின் வேகத்தைக் குறைக்க மருந்து ஏற்றியிருந்தார்கள். "இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றார் அந்தப் பெண் டொக்டர்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அந்த நடைபாதைக் கதிரையில் இருந்தேன். ராசனுடைய திவசம். தேங்காய் இல்லை, கற்பூரம் இல்லை, குளிக்கக்கூட இல்லை. சேறு காய்ந்த உடுப்போடு இருந்து அவனுடைய பெயரைச் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு வருடமாக வராதது வந்தது. தம்பிக்காக அழுகிறேனா, கணவருக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மாளிடம் சொன்னேன், "நீ இவரைத் தந்தாலும் தராவிட்டாலும் நான் இனிக் கதைக்காமல் இருக்கமாட்டன்." அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. பயத்தில் வந்ததில்லை. அதைச் சொன்ன பிறகும் பயம் அப்படியேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது தரம் மண்டையைப் படம் எடுத்தார்கள். கசிவு நின்றுவிட்டது. டொக்டர் வந்து, "இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் நான் உங்களோடு வேறு மாதிரிக் கதைத்திருப்பேன்" என்றார். அன்று பின்னேரம் என் கணவர் கண் திறந்து முதலில் கேட்டது, "ரோல்ஸ் மிச்சம் இருக்கோ?" என்பதுதான். எல்லாவற்றையும் நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவருடைய கையில் முகத்தை வைத்துக்கொண்டேன். ரெயினில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை, காதில் விழவில்லை என்று அவர் சொல்லவில்லை. "நொந்ததுதான்" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

காலில் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். இனி அவர் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். மலை ஏற முடியாது. நான் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரோடு ஆற்றங்கரைச் சமதரைப் பாதையில் நடக்கிறேன். பக்கத்தில் நடக்கிறேன், பின்னால் இல்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் ரூத்தைப் பார்க்கப் போனோம். உளுந்து வடை சுட்டுக் கொண்டுபோனேன். அவர் ஒன்று சாப்பிட்டுவிட்டு இன்னும் மூன்று எடுத்தார். அந்தக் கிடேரி அன்று அந்தப் பக்கம் ஏன் போனது என்று கேட்டேன். "எனக்கும் தெரியவில்லை. அந்தச் சரிவில் புல்லே இல்லை. குளம்பில் காயமென்று அதை மற்றவற்றோடு விடாமல் தனியாக அடைத்து வைத்திருந்தேன். எப்படி வெளியே வந்ததென்றும் தெரியாது" என்றார். மாடுகள் புதினம் பார்க்கிற பிராணிகள், ஆள் கிடந்தால் வந்து பார்க்கும் என்றும் சொன்னார். சரி. அப்படியும் இருக்கலாம். நான் அவரோடு வாதாடவில்லை. என் கணவர் அந்தக் கிடேரிக்குக் கை கூப்பினார். ரூத் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தித் தன் தொப்பியைக் கழற்றினார்.

என்னிடம் ஒருவர் கேட்டார், "அப்ப உங்கட தம்பிக்கு ஏன் அவ உதவேல்லை?" என்று. எனக்குத் தெரியாது. இவருக்காகக் கேட்டது கிடைத்தது, அவனுக்காகக் கேட்டது கிடைக்கவில்லை. இவர் நல்லவர், அவன் கெட்டவன் என்றில்லை. அப்போது என் பக்தி குறைவு, இப்போது கூட என்றுமில்லை. உண்மையில் அதற்கு நேர்மாறு. முப்பத்தொரு நாள் பட்டினி கிடந்து கேட்டவள் வெறுங்கையோடு திரும்பினாள். சேற்றில் இருந்து சண்டை பிடித்தவளுக்குக் கிடைத்தது. இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டாலும் சரிவராது. அந்தக் கேள்வியை இப்போது கோயிலுக்கு வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். அவளுக்கு முன்னால் வைக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போல மனம் வெறுத்து விலகி இருக்கிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வருத்தத்தோடு கிடப்பவர்கள், கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பக்தி வந்த பிறகு வரலாம் என்று காத்திருக்க வேண்டாம். மனம் ஆறிய பிறகு பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். கோபத்தோடேயே வாருங்கள். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். அவள் தாய், தாங்குவாள். கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.